இரண்டு நீலக் கம்பி, ஒரு குட்டிப் பெட்டி

“செருப்ப வெளிய விட்டுட்டு இதப் போட்டுக்குங்க” என்று ரப்பர் செருப்பு ஜோடி ஒன்றை என் பக்கம் தள்ளினார் ஓ.டி. அட்டெண்டர். ஜோடி என்பது பெயருக்குத்தான். ஒன்று எட்டாம் நம்பர், மற்றது பத்து. பக்கத்தில் இருந்த நல்ல ஜோடியின் மேல் மார்க்கரில் கொட்டை எழுத்து: “அனஸ்தீசியா. தொடாதே!”

தொடவில்லை. தத்தித் தத்தி உள்ளே வந்துவிட்டோம், வாருங்கள்! செங்கல்பட்டு மாவட்டத்து மருத்துவமனை ஒன்றின் இதய அறுவை அரங்கு இது. யார் பெயரும் போடக் கூடாது, எதையும் தொடக் கூடாது, மயக்கம் வந்தால் தள்ளிப் போய் விழ வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளோடு, நோயாளியும் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்த பிறகுதான் கதவு திறந்தது.

மேசையில் இருப்பவர் மாமல்லபுரத்தில் கல் கொத்துகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். பெருந்தமனி வால்வில் எல்லோருக்கும் மூன்று இதழ், இவருக்குப் பிறவியிலேயே இரண்டு. அது சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. சுத்தியலை நாலு தடவை ஓங்கினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். இன்றைக்கு வால்வு மாற்றுகிறார்கள்.

சினிமா ஆபரேஷனில் பச்சைத் துணியும் சுவர்க் கடிகாரமும்தான் காட்டுவார்கள். நிஜத்தில் முதலில் கண்ணில் படுவது வயர்தான். தரை முழுக்க வயர், குழாய், அதன் மேல் தாண்டித் தாண்டி நடக்கிற ஆட்கள். மூலையில் மெல்லிசாக இளையராஜா. ஏ.சி.யில் எனக்குப் பல் தந்தியடிக்கிறது. சர்ஜன் நெற்றியிலோ வேர்வை. அவர் “வேர்வை” என்று முனகியதும் ஒரு சிஸ்டர் பின்னாலிருந்து துணியால் ஒற்றி எடுக்கிறார். அதற்கென்றே ஓர் ஆள்!

இதய-நுரையீரல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரமெல்லாம் ரத்தத்தை ஓட்டுவது இவர் பம்புதான். “நடுவுல எழுந்திரிக்க முடியாது சார். ஆபரேஷன் அன்னிக்கு எனக்குக் காபியே கிடையாது” என்றார். நான் வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்த காபியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சர்ஜன் சுண்ணாம்பைத் துணுக்குத் துணுக்காகக் கிள்ளி எடுக்கிறார். ஒவ்வொன்றும் ஸ்டீல் கிண்ணத்தில் ‘டங்’. “கல்லு கொத்துறவரு, உள்ளயும் கல்ல வெச்சுக்கிட்டுத்தான் வந்திருக்காரு” என்கிறார் மயக்க மருத்துவர். முகக்கவசங்கள் குலுங்குகின்றன.

திடீரென்று சிரிப்பு நின்றது. இளையராஜாவையும் நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு இதழ்கள் சேரும் ஒரு மூலைக்கு ஊசி வந்திருந்தது. அதற்கு நேர் கீழேதான் இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் இறங்கும் ஒரே பாதை. அதன் முழுத் தடத்தையும் 1906-இல் வரைந்து காட்டியவர் ஜெர்மனியில் ஆய்வு செய்த சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர். அந்த மூலையில் தையல் போடுவது, சுவருக்குள் ஒயரிங் ஓடும் இடம் பார்த்து ஆணி அடிக்கிற வேலை. ஊசி கொஞ்சம் ஆழமாகப் போகலாம், சுண்ணாம்பு நசுக்கலாம், சும்மா வீங்கினாலே போதும். தகவல் கீழே போகாது. இதற்குப் பெயர் ஹார்ட் பிளாக். இவர்கள் வாயில் வெறும் ‘பிளாக்’.

பச்சை நூல் ஒன்று, வெள்ளை நூல் ஒன்று என்று மாற்றி மாற்றி வட்டமாகத் தைத்து முடித்ததும், “இருபத்தொண்ணு” என்று குரல். சிஸ்டர் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே டி.டி.கே. சித்ரா வால்வு, 21 மில்லிமீட்டர். எட்டிப் பார்த்தேன், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வல்லியத்தான் தலைமையில் உருவானது. மூன்று மாதிரிகள் தோற்று நான்காவதில் வென்றார்கள்; 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். தயாரிப்பது நம் வீட்டு பிரஸ்டீஜ் குக்கரின் டி.டி.கே. குழுமமேதான்! நடுவில் சாய்ந்து நிமிரும் தட்டு பிளாஸ்டிக் என்பதால் சத்தமும் குறைவு.

வால்வை இறக்கிக் கட்டி முடித்து, பெருந்தமனியைப் பிடித்திருந்த கவ்வியை எடுத்தார்கள். சூடான ரத்தம் பாய, இதயம் சிலிர்த்து, துடித்தது. நான் கை தட்டப் போனேன், யாரும் தட்டவில்லை. எல்லோர் கண்ணும் மானிட்டரில். நாற்பது... முப்பத்தாறு... மேலறை ஒரு கணக்கில் துடிக்கிறது, கீழறை தன் பாட்டுக்கு வேறு கணக்கில். “பிளாக். கம்பி குடுங்க.”

அப்போதுதான் இந்தக் கட்டுரையின் நாயகர்கள் வெளியே வந்தார்கள்: நீல உறை போட்ட, நூலளவே உள்ள இரண்டு கம்பிகள். ஒரு முனை இதயத்தின் மேல் தைக்கப்பட்டது. மறுமுனை விலா எலும்புக்குக் கீழே தோல் வழியாக வெளியே வந்து, கைக்கடக்கமான ஒரு பெட்டியில் நுழைந்தது. குமிழைத் திருகினார்கள். எண்பது! இளையராஜா மறுபடி பாட ஆரம்பித்தார்.

ஆபரேஷன்தான் உச்சக்கட்டம் என்று நினைத்திருந்தேன். நிஜமான சஸ்பென்ஸ் ஐ.சி.யூ.வில் இருக்கிறது.

சலைன் ஸ்டாண்டில் பெட்டி தொங்குகிறது. பேட்டரி மாற்றிய தேதி பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருக்கிறது. “பொட்டி கிட்ட யாரும் போகாதீங்க, நீங்களும்தான்” என்று என்னையும் சேர்த்து அதட்டுகிறார் சிஸ்டர். தினம் காலை ரவுண்ட்ஸில் ஒரு பரீட்சை: டாக்டர் குமிழை மெல்ல மெல்லக் குறைப்பார். பெட்டி ஓய்ந்தால் இதயம் சொந்தமாக ஓடுகிறதா என்று பார்க்க. வீக்கம்தான் காரணம் என்றால் சில நாளில் வற்றி வழி திறந்துவிடும். அதனால்தான் ஐந்திலிருந்து ஏழு நாள் வரை பொறுத்துப் பார்க்கிறார்கள்.

பக்கத்துப் படுக்கையில் கோகிலமேட்டில் மீன் விற்கும் அம்மா. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் வால்வைக் கெடுத்திருந்தது. மாற்றிய பிறகு அவருக்கும் பிளாக். எழுபது, அறுபது, ஐம்பது என்று குமிழ் இறங்க, திரையில் அவருடைய சொந்தத் துடிப்பு கிடுகிடுவென்று வந்துவிட்டது! ஐ.சி.யூ.வே சிரித்தது. இன்னும் சில நாள் பார்த்துவிட்டுக் கம்பியைப் பிடுங்கினார்கள். ஆமாம், பிடுங்குவதுதான். “நல்லா மூச்ச இழுத்து விடுங்கம்மா” என்று சொல்லி முடிப்பதற்குள் உருவியாயிற்று.

“வீட்டுக்குப் போனதும் எங்களுக்கு வஞ்சிரம் வந்துடணும்” என்றார் சிஸ்டர்.

“வஞ்சிரம் விக்கிற விலைக்கா? சங்கரா வேணா தரேன் கண்ணு.”

கல் கொத்துகிறவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. குமிழ் நாற்பதுக்கு இறங்கும்போதே திரையில் நீண்ட இடைவெளிகள். “சாமி, கண்ணு இருட்டுது” என்பார்; டாக்டர் சட்டென்று ஏற்றிவிடுவார். மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும்.

டீ இடைவேளையில் அந்தப் பெட்டியின், அதாவது தற்காலிக பேஸ்மேக்கரின், பூர்வீகத்தைச் சொன்னார் இளம் டாக்டர் ஒருவர். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் லில்லிஹை என்ற சர்ஜன், குழந்தைகளின் இதய ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார். சில குழந்தைகளுக்கு இதே பிளாக் வரும். அன்றைய பேஸ்மேக்கரோ சுவர் பிளக்கில் செருக வேண்டிய பெரிய பெட்டி. 1957 அக்டோபர் 31 அன்று ஊரில் கரண்ட் போய்விட்டது. பேட்டரியில் ஓடுகிற மாதிரி ஒன்று செய்து தாருங்கள் என்று ஏர்ல் பேக்கன் என்ற எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிடம் கேட்டார் லில்லிஹை. பேக்கன், எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒன்றில் வந்திருந்த மெட்ரோனோம் என்ற தாளம் காட்டும் கருவியின் சர்க்யூட்டைப் பார்த்து, சில வாரங்களில் செய்து கொடுத்துவிட்டார். மின்வெட்டில் பிறந்த பெட்டி என்றால் நம்மூர்க்காரர்களுக்குத் தனியாக விளக்க வேண்டுமா என்ன!

கடைசியில் நிரந்தர பேஸ்மேக்கர்தான் என்று முடிவாயிற்று. மனைவி அழுதார். இவரோ எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். சுத்தியல் பிடிப்பது வலக்கை என்பதால் இடது காறை எலும்புக்குக் கீழே. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். முழு நினைவோடு படுத்திருந்தவர், நடுவில் டெக்னீஷியனிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார்.

நெஞ்சைத் திறந்து பெருந்தமனி வால்வு மாற்றுகிறவர்களில் நூறுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேருக்கு இந்த நிரந்தரப் பெட்டி தேவைப்படுகிறது. தொடை வழியாகக் குழாய் விட்டு வால்வு வைக்கும் புது முறையில் இன்னும் அதிகம், பெரும்பாலும் பத்தைத் தாண்டும். பெட்டி வைத்ததோடு வாழ்க்கை முடிந்துவிடாது. 1958-இல் உலகில் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட சுவீடன்காரர் ஆர்னே லார்சன், மொத்தம் 26 பெட்டிகளை மாற்றி 86 வயது வரை இருந்தார். ஆனாலும் நாள் முழுக்கப் பெட்டியே ஓட்டினால் சிலருக்கு இதயத்தின் பலம் மெல்லக் குறையும்; இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், பெட்டி வைத்துப் பல மாதம் கழித்துச் சொந்த ஓட்டம் திரும்பி வந்தவர்களும் உண்டு.

ஓ.பி. நாள் இன்னொரு கலாட்டா. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, அது சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க ஐ.என்.ஆர். பரிசோதனை, எல்லோர் கையிலும் அதைக் குறித்து வைக்கும் நோட்டு. “கீரை சாப்பிடலாமா?” என்று வரிசையில் முக்கால்வாசிப் பேர் கேட்கிறார்கள். சாப்பிடலாம், ஒரு நாள் கட்டுக் கட்டாக, மறுநாள் ஒன்றுமே இல்லை என்று மட்டும் கூடாது.

நம் ஆள் வந்தார், சட்டை போட்டு, தலை வாரி. முதல் கேள்வியே தொழில்தான்.

“கிரைண்டர் மிஷின் புடிக்கலாமாய்யா?”

“தோள் ஆறட்டும், அப்புறம் புடிங்க. ஆனா மோட்டார நெஞ்சு கிட்ட கொண்டுவராதீங்க, ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும். வெல்டிங் பக்கம் மட்டும் போகாதீங்க.”

“உளி?”

“அதுல ஏதுய்யா கரண்ட்டு? கைய மட்டும் வெட்டிக்காதீங்க. நீங்க போடுற மாத்திரைக்கு ரத்தம் லேசுல நிக்காது.”

“இத்தன வருசத்துல ஒரே ஒரு வாட்டிதான் பட்டிருக்கு” என்று கட்டைவிரலைப் பெருமையாக நீட்டினார்.

“ஒரு வாட்டியா?” என்று மனைவி அவருடைய இடக்கையைப் பிடித்து டாக்டரின் மேசை மேல் விரித்து வைத்து, ஒவ்வொரு விரலாகக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். வெளியே சிஸ்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்; அந்த அம்மாள் அப்போதுதான் மோதிர விரலுக்கு வந்திருந்தார்.