ஆர்க்கிட் செடியும் அதன் பகைவரும்



ஏற்காடு சென்றவர்கள், இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை அங்கே பேணிவரும் ஆர்க்கிட் செடிகளைக் கண்டிருக்கலாம். அவற்றுள் பல மண்ணை நாடாமல், மரக்கிளையைப் பற்றி, வேரைக் காற்றிலே தொங்கவிட்டு வாழ்வன. ஆயினும் அவை புல்லுருவிகள் அல்ல. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்ளும் இச்செடிகளின் சாற்றைத் திருடும் பூச்சிகள் சில உண்டு. அவற்றை அறிவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சு.

பணி ஓய்வுக்குப்பின் நானும் டென்ட்ரோபியம் என்னும் ஆர்க்கிட் ஒன்றைத் தொட்டியில் வளர்க்கத் தொடங்கினேன். ஒருநாள் இலைகளின் இடுக்கில் வெண்பஞ்சுத் துணுக்குகள் தென்பட்டன. மாவுப்பூச்சி எனத் தெளிந்து, பழைய பல்தூரிகையை எடுத்தேன். கூட்டத்தில் சில பெரியனவாய், நீண்ட வெண்ணிழைகளோடு விரைந்து ஊர்ந்தன. தலைவரை முதலில் வீழ்த்துவதே போர்முறை என்று எண்ணி அவற்றையே முதலில் நசுக்கினேன். ஒரு திங்களுக்குள் மாவுப்பூச்சி முன்னினும் பெருகிற்று. வேளாண்மை பயின்ற என் பழைய மாணவர் ஒருவர் வந்து பார்த்தார், எஞ்சியிருந்த ஒன்றைச் சுட்டி, "ஐயா, காவற்காரரை அல்லவா கொன்றிருக்கிறீர்கள்!" என்றார்.

நான் கொன்றவை கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டின் புழுக்கள். ஆஸ்திரேலியாவுக்குரிய இவ்வண்டு, காப்பிச் செடியைத் தாக்கிய பச்சைச் செதில்பூச்சியை ஒடுக்குவதற்காக 1898ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. வந்த வேலையை அது செவ்வனே செய்யவில்லை. ஆனால் தென்னாட்டில் நிலைத்து, மாவுப்பூச்சியை உண்டு வாழ்கிறது. அதன் புழு, தன் இரையைப் போலவே வெண்மெழுகு போர்த்திருக்கும். வேறுபாடு யாது? மாவுப்பூச்சி மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமே. மெல்ல நகரும், அல்லது நகராமலே கிடக்கும். புழுவோ ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் வளர்ந்து, சுறுசுறுப்பாய் ஓடும்.

வெண்மை இன்னும் இரு வகையில் நம்மை ஏமாற்றும். ஆர்க்கிட்டின் காற்றுவேரைச் சூழ்ந்துள்ள வெள்ளிநிறப் போர்வையை நோயென்று சுரண்டுவோர் உளர். அது நீரை ஈர்த்துக்கொள்ளும் உறுப்பு. நனைத்தால் உள்ளிருக்கும் பச்சை தெரியும். இரண்டாவது, செதில்பூச்சி. அதில் ஓரினத்தின் ஆண்கள் இலையடியில் வெண்பஞ்சுபோல் திரண்டிருக்கும். பெண்ணோ வட்டச் செதிலின்கீழ் ஒட்டிக் கிடக்கும். ஓரிடத்தில் அமர்ந்தபின் கால்களையே இழந்துவிடும். அதன் ஓட்டைத் தைலமோ சோப்பு நீரோ எளிதில் ஊடுருவா. முட்டையிலிருந்து வெளிவந்து, இடம் தேடி ஊரும் ஓரிரு நாட்களே அதன் குஞ்சு நமக்கு எளிதில் அகப்படும் காலம். அதனாலேயே ஒருமுறை தெளித்து ஓய்ந்தால் பயனில்லை.

முறை இதுதான். காவற்புழு தென்பட்டால் செடியை அதன் பொறுப்பில் விட்டுப் பொறுத்திருங்கள். இல்லையேல், ஊசி போடுமுன் தோலில் தடவும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, பூச்சிகளை ஒற்றி எடுங்கள். காய்ந்த உறைகளை உரித்து அடியிலும் பாருங்கள். பிறகு, லிட்டர் நீருக்கு ஐந்து மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது மென்சோப்பும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் இருபுறமும் தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, அது கருகவில்லையெனக் கண்டபின் தொடர்வது நலம். வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு வாரம் செய்க. புதிதாக வாங்கிய செடியைச் சில வாரங்கள் தனியே வைப்பதும் நன்று. என் வீட்டுக்கு இப்பூச்சி வந்தது கடையில் வாங்கிய தொட்டியோடுதான்.

எறும்பைப் பற்றி ஒரு சொல். மாவுப்பூச்சி கழிக்கும் இனிய நீருக்காக எறும்புகள் அதனை ஆநிரைபோல் மேய்த்துக் காக்கும், பொறிவண்டை விரட்டும். ஆதலின் எறும்புச் சாரை கண்டால் இலையிடுக்கைச் சோதியுங்கள். ஆனால் சில ஆர்க்கிட்டுகளின் மொட்டுக் காம்பில் இயல்பாகவே இனிய துளி கசிவதுண்டு. நேற்றுக் காலை என் செடியின் பூங்காம்பில் எறும்புகள் ஏறின. உருப்பெருக்குக் கண்ணாடியுடன் அரைமணி நேரம் பார்த்தேன். பூச்சி ஒன்றும் இல்லை. தூரிகையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.