கார்த்தாகோ: ஒரு நகர்ப்பெயரின் பிறப்பும் இலக்கணமும்

வட ஆப்பிரிக்கக் கடற்கரையில், இன்றைய தூனிசியாவில், பினீசியர் நிறுவிய நகரே கார்த்தேஜ். மரபுவழிச் செய்தி அதன் தோற்றத்தைக் கி.மு. 814 எனக் குறிக்கிறது. அந்நகரத்தார் அதனைக் ‘கர்த் ஹதஷ்த்’ என வழங்கினர். ‘கர்த்’ என்பது நகர். ‘ஹதஷ்த்’ என்பது புதியது. முன்னது பெண்பாற் சொல்லாதலின் அதற்கியைய அடையும் ‘த்’ என்னும் பெண்பால் ஈறு பெற்றது. ஆகவே பெயரின் பொருள் ‘புதுநகர்’ என்பதாம்.

இவ்விரு சொற்களும் இலத்தீனில் ‘கார்த்தாகோ’ என ஒரு சொல்லாய்த் திரிந்தன. மூலப்பொருள் மறைந்தது, இலத்தீன் இலக்கணம் வந்தேறியது. இதுவும் மூன்றாம் பெயர்த்திரிபு வகையைச் சேர்ந்து பெண்பாலாயிற்று. எழுவாய் ‘கார்த்தாகோ’, ஆறாம் வேற்றுமை வடிவம் ‘கார்த்தாகினிஸ்’. தமிழில் ‘மரம்’ என்பது உருபேற்குங்கால் ‘மரத்து’ என நிற்றல் போல, இங்கும் உருபேற்கும் அடி ‘கார்த்தாகின்’ என வேறுபடுகிறது. நகர்ப்பெயர்களில் எஞ்சிநின்ற பழைய இடவேற்றுமையால் ‘கார்த்தாகினீ’ என்பது ‘கார்த்தேஜில்’ எனப் பொருள்தரும்.

மூலப்பொருள் மறைந்தமைக்குச் சான்று ஸ்பெயினில் உள்ளது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜியர் அங்கு நிறுவிய நகருக்கும் ‘புதுநகர்’ என்றே பெயரிட்டனர். இரண்டையும் வேறுபடுத்த உரோமர் அதனைக் ‘கார்த்தாகோ நோவா’ என்றனர். ‘நோவா’ என்பது ‘புதிய’ எனப் பொருள்படும் பெண்பால் அடை. மூலம் அறிந்து நோக்கின் அது ‘புதிய புதுநகர்’ ஆகிறது.

கி.மு. 146இல் உரோமர் தாய்நகரை அழித்தனர். பின்னர் அதன் மொழியும் வழக்கிழந்தது. அம்மொழியின் சொல்லோ, வென்றோரின் வேற்றுமையடியில் தங்கி, ஸ்பெயினின் ‘கார்த்தஹேனா’ என்னும் நகர்ப்பெயராய் இன்றும் வழங்குகிறது.