தெரிந்த ஆள்தானே என்று விட்டுவிடலாமா?



கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியை நாம் அனைவரும் அறிவோம். 1881இல் தீயும் வெள்ளமும் அத்தாப்புக் குடிசைகள் நிறைந்த கோலாலம்பூரை அழித்தன. பின்னர் செங்கல்லாலும் ஓட்டாலும் நகரை எழுப்பினார்கள். அதற்குச் செங்கல் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். ஆனால் செங்கல் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதை அடுக்குகிற கையும் நல்லதாக இருக்க வேண்டும்.

தோட்ட லயத்தில் கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்வோம். கிள்ளானிலோ காப்பாரிலோ சொந்த வீட்டுக்கு வந்துவிட்டால், அந்தப் பொறுப்பு நம்முடையது. செலவாவதும் பெரும்பாலும் ஊழியர் சேமநிதிப் பணம். போனால் மீண்டும் சேர்க்க முடியாத பணம் அது.

முதலில், குத்தகையாளர் முன்பு செய்த வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு மழைக்காலத்தைத் தாங்கிய வேலையா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். மூன்று பேரிடமாவது விலை விசாரியுங்கள்.

அடுத்து, பதிவு. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகையாளர்கள் சி.ஐ.டி.பி. எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு, வாரியத்திடம் சரிபார்க்கலாம். மின்கம்பி வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் உள்ளவரையே அழையுங்கள். சுவரை இடித்து அறையை நீட்டுவதானால், மாநகர் மன்ற அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். “தெரிந்த பிள்ளைதானே, எழுதிக் கேட்டால் என்ன நினைப்பான்?” என்று நாம் கூச்சப்படுகிறோம். பலர் ஏமாறுவது இங்கேதான். எழுதிக்கொள்வது சந்தேகம் ஆகாது. அவருக்கும் அது பாதுகாப்பு. என்ன வேலை, எந்தப் பொருள், எத்தனை நாள், எவ்வளவு பணம் என எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். கூரை மாற்ற 6,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 600, பொருள்கள் வந்து இறங்கியதும் 2,400, கூரை மூடியதும் 2,400. மீதி 600ஐ ஒரு பெருமழை பெய்து, ஒழுகவில்லை என்று கண்டபிறகு கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால் மனம் தளர வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தீர்ப்புக்கு 14 நாளில் கீழ்ப்படியாவிட்டால் அது குற்றம். அங்கே நமக்காகப் பேசுபவை நாம் பத்திரப்படுத்திய ஒப்பந்தமும் ரசீதுகளுமே.

ஆகவே நேயர்களே, வேலைக்கு ஆள் வருமுன் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து வையுங்கள்.