கட்டத்துக்குள் ஒரு கணக்கு

கொரிய எழுத்தைப் பார்த்தால் சீன எழுத்தைப் போலச் சிக்கலான கட்டமாகத் தெரியும். உள்ளே இருப்பவையோ இரண்டு மூன்று எளிய எழுத்துகள்தான். ‘ஹன்’ என்ற அசைக்கு ஹ், அ, ன் மூன்றையும் ஒரே சதுரத்துக்குள் அடுக்கிவிடுவார்கள். 1443இல் மன்னர் செஜோங் உருவாக்கிய ஹங்குல் முறை இது. இன்றைய வழக்கில் முதல் மெய்க்கு 19 வாய்ப்பு, உயிருக்கு 21, அடியில் வரும் மெய்க்குக் கூட்டுமெய்களையும் சேர்த்து 27. அடி காலியாகவும் இருக்கலாம் என்பதால் 28. பெருக்கினால் 11,172 அசைகள்!

ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஓர் எண் வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் குறியேற்றம். 1987இல் வந்த தென்கொரியத் தரம், அதிகம் புழங்கும் 2,350 அசைகளுக்கு மட்டும் எண் கொடுத்தது. ஐந்தில் நான்கு பங்கு வெளியே நின்றது.

‘ஜொஹாப்’ என்ற இன்னொரு முறை கெட்டிக்காரத்தனமானது. ஐந்து பிட்டுகளில் (பிட் என்பது 0 அல்லது 1) 32 எண்கள் அடங்கும். 19, 21, 28 மூன்றுமே 32க்குள். ஆக அசைக்கு 15 பிட். இது கொரிய எழுத்து என்று சொல்ல இன்னொன்று. மொத்தம் 16, அதாவது சரியாக இரண்டு பைட். அளவெடுத்துத் தைத்த சட்டைதான்.

உலக மொழிகளுக்கான யூனிகோடும் முதலில் தடுமாறியது. 1996இல், ஏற்கெனவே தந்த இடங்களைக் கைவிட்டு, 11,172 அசைகளையும் 44,032இல் தொடங்கி அகரவரிசையில் புதிதாகக் குடியேற்றியது. பழைய எண்களில் சேமித்தவர்கள் பாடு திண்டாட்டம். ஒருமுறை இடம் பெற்ற எழுத்தை இனி நகர்த்துவதில்லை என்று யூனிகோடு பிறகு உறுதிபூண்டது.

ஆனால் அந்த வரிசையால் எண்ணுக்குள்ளேயே எழுத்துக்கூட்டல் வந்துவிட்டது. ‘ஹன்’ 54,620. 44,032ஐக் கழித்தால் 10,588. அதை 28ஆல் வகுத்தால் ஈவு 378, மீதி 4: அடியில் ‘ன்’. 378ஐ 21ஆல் வகுத்தால் ஈவு 18, மீதி 0. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் 0 என்பது முதல் உயிரான ‘அ’, 18 என்பது பத்தொன்பதாவது மெய்யான ‘ஹ்’. அட்டவணையே தேவையில்லை. (நம் ‘கொ’வுக்கு யூனிகோடில் தனி எண் கிடையாது, ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு எண்கள்.)

தட்டச்சில்தான் வேடிக்கை. ‘ஹன்’ அடித்த கையோடு ‘அ’ அடித்தால், அடியிலிருந்த ‘ன்’ எழும்பி அடுத்த கட்டத்துக்குத் தாவும். ‘ஹன்’ கண்ணெதிரே ‘ஹன’ ஆகும். கணினி முதல் எண்ணில் 4ஐக் கழித்து 54,616 ஆக்குகிறது. பக்கத்தில் 45,208ஐ வைக்கிறது. கொரிய மொழியில் ‘ஹன’ என்றால் ‘ஒன்று’ என்று பொருள்.