நாலுமூலைக் கேணியும் ஆழ்குழாய்த் தண்ணீரும்

திருச்சியிலிருந்து துறையூர் சாலையில் மண்ணச்சநல்லூரைத் தாண்டிப் போனால் திருவெள்ளறை. வெள்ளைப் பாறைக் குன்றின்மேல் புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவித்து இறங்குகிறவர்கள் அங்குள்ள கேணியையும் ஒரு நடை பார்த்துவிட வேண்டும். நான்கு கைகள் மடங்கி நிற்கும் சுவஸ்திக வடிவம். நான்கு பக்கமும் படிகள். ஒரு படித்துறையில் நிற்பவருக்கு அடுத்த துறையில் இருப்பவர் தெரியமாட்டார். தந்திவர்மப் பல்லவனின் 4ஆம் ஆட்சியாண்டில் தோண்டத் தொடங்கி 5ஆம் ஆண்டில் முடித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது, ஏறக்குறைய கி.பி. 800. தோண்டியவன் ஆலம்பாக்கத்து விசயநல்லூழானின் தம்பி கம்பன் அரையன். அரசனின் பட்டப்பெயரால் அதற்கு மாற்பிடுகு பெருங்கிணறு என்று பெயர்.

குடிக்கவும் குளிக்கவும் வெட்டிய கேணிதான் இது, தோட்டத்துக்கு இறைக்க வெட்டியது அல்ல. ஆனால் இந்தப் பக்கத்து மனிதர்கள் தண்ணீரை எப்படித் தேடினார்கள் என்பது அந்தப் படிகளில் தெரிகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் மேல்படி வரை ஏறும், கோடையில் அடிப்படிக்கு இறங்கும், ஆளும் கூடவே இறங்குவார். கைக்கு எட்டுகிற மேல்நீரைத்தான் அவர்கள் நம்பியிருந்தார்கள்.

தோட்டக் கிணறுகளும் அப்படித்தான். கமலை கட்டி, இரண்டு மாடு பூட்டி, சால் நிரம்பியதும் வடத்தை இழுத்தால் தும்பி வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். வெயிலில் வாய்க்கால் நெடுக ஓடி, மடை திறந்த பாத்திக்குள் போய்ச் சேரும். விடியற்காலை தொடங்கி மாடு களைக்கும் வரை இறைத்தாலும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் சில பாத்திகள்தான் நனையும். அந்தக் கிணற்றில் இருந்ததும் பெரும்பாலும் போன மழையின் தண்ணீர். பாறையோடு அதிக நாள் உறவாடாத தண்ணீர். எல்லாக் கிணறும் இனித்தது என்று சொல்ல மாட்டேன். ஊருக்கு ஊர் நல்ல கிணறு, உப்புக் கிணறு என்று பிரித்துப் பேசியவர்கள்தான் நம் முன்னோர். உப்புக் கிணற்றடியில் கேழ்வரகும் பருத்தியும் போட்டார்கள். வெங்காயத்தை நல்ல கிணற்றுக்கு வைத்துக்கொண்டார்கள். ஏரி வண்டலும் கொழிஞ்சித் தழையும் ஆட்டுக்கிடையும் மண்ணைப் பொலபொலவென்று வைத்திருந்தன. தண்ணீரின் குற்றத்தில் பாதியை மண்ணே தாங்கிக்கொண்டது.

இன்று மோட்டார் சுவிட்சைப் போட்டால் பல நூறு அடிக்குக் கீழேயுள்ள பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் வருகிறது. கமலைக்காரர் கனவிலும் காணாத அளவு. ஆனால் அது பாறைக்குள் நெடுங்காலம் கிடந்த தண்ணீர். பாறையிலுள்ள கனிமங்களை மெல்லக் கரைத்துச் சோடியத்தையும் பைகார்பனேட்டையும் ஏற்றிக்கொண்டு வருகிறது. திருச்சிக்குத் தெற்கே மணிகண்டம் வட்டாரத்தில் சோடியம் மிகுந்து தண்ணீர் இறங்காத களர் நிலம் பரவிக் கிடப்பது விவசாயிகள் நன்றாக அறிந்த சங்கதி. அங்கே நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி இதற்காகவே பல காலமாக உழைக்கிறது. களரைத் தாங்கும் டிஆர்ஒய் வரிசை நெல் ரகங்கள் அங்கே பிறந்தவை. நெல்லுக்கு ரகத்தால் ஒரு வழி பிறந்தது. காய்கறிக்கு அது அவ்வளவு எளிதில் வாய்க்கவில்லை. தேங்கிய நீரில் நெல் நிற்கும். வெங்காய வேர் மூச்சுத்திணறிச் செத்துவிடும்.

பெரம்பலூர், துறையூர்ப் பக்கம் சின்ன வெங்காயம்தான் பல குடும்பங்களின் வரவு செலவு. உலக உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட நீர்த்தர அட்டவணையைப் பார்த்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. தண்ணீரின் ஈ.சி., அதாவது உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், மீட்டருக்கு 0.8 டெசிசீமன் வரை வெங்காய விளைச்சல் முழுதாக வரும். 1.8 ஆனால் கால்பங்கு போய்விடும், 2.9இல் பாதி. தக்காளி 1.7 வரை தாங்குகிறது. ஈ.சி. 2 உள்ள தண்ணீரை ஓர் ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சினால் அது 2 லட்சம் லிட்டர். அதில் கரைந்திருக்கும் உப்பு சுமார் 250 கிலோ. பத்துத் தண்ணீர் கட்டினால் இரண்டரை டன் உப்பை நம் கையாலேயே வயலில் கொட்டியதாகும். மாடு கட்டி இறைத்த காலத்தில் இவ்வளவு உப்பைக் கொண்டுவர நினைத்தாலும் முடிந்திருக்காது.

உப்பைவிடச் சோடியம் செய்யும் கேடு பெரிது, கண்ணுக்குத் தெரிய நாளாகும். களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கால்சியத்தைச் சோடியம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். கட்டி கரைந்து துகள் துகளாகி மண்ணின் கண்கள் அடைபடும். நனைந்தால் சேறு, காய்ந்தால் ஓடு. விதைத்த வெண்டை அந்த ஓட்டைப் பிளந்து மேலே வர முடியாமல் மடங்கிக்கொள்ளும். கார அமிலத்தன்மை 8.5ஐத் தாண்டினால் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. இலை வெளுக்கிறதே என்று உரக்கடைக்கு ஓடுகிறோம். குற்றம் குழாயில் இருக்கிறது.

தண்ணீர்ப் பரிசோதனைத் தாளில் ஆர்.எஸ்.சி. என்றொரு வரி இருக்கும்: எஞ்சிய சோடியம் கார்பனேட். 1.25க்குள் இருந்தால் அச்சமில்லை. 2.5ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை அப்படியே பாய்ச்சக் கூடாது. மருந்து ஜிப்சம். ஆழ்குழாய்க்கு அருகே செங்கல் தொட்டி கட்டி, அடியில் இடைவெளி விட்டுக் கம்பி வலை பரப்பி, அதன்மேல் ஜிப்சக் கட்டிகளை அடுக்குகிறார்கள். தண்ணீர் கீழே நுழைந்து கட்டிகளின் ஊடாக மேலேறி வாய்க்காலுக்குப் போகிறது. போகிற போக்கில் கால்சியத்தைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஆர்.எஸ்.சி.யை 4 அளவு குறைக்க, அந்த 2 லட்சம் லிட்டருக்குச் சுமார் 70 கிலோ ஜிப்சம் கரைய வேண்டும். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: ஜிப்சம் சோடியத்தின் பிடியைத் தளர்த்துமே தவிர உப்பைக் குறைக்காது. அதற்கு மழைநீரோ வாய்க்கால் நீரோ கலந்தாக வேண்டும், உப்பு கழுவிக்கொண்டு போக வடிகாலும் வேண்டும். சொட்டுநீர் போட்டவர்களுக்கு இன்னொரு தொல்லை, சொட்டுவானில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு. அதற்கு அளந்து அமிலம் விடுகிறார்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

குழாயில் காந்தம் மாட்டினால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகும் என்று விற்பவர்களும் வருகிறார்கள். முளைப்புத்திறன் கூடியதாகச் சில ஆய்வுகள் உண்டு, கூடவில்லை என்பவையும் உண்டு. காந்தத்தைக் கடந்த தண்ணீரிலும் சோடியம் அப்படியே இருக்கிறது. வெங்காயத்துக்குக் கடன் வாங்கியவரிடம் அந்தப் பணத்தையும் கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

ஜிப்சம் இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. ஊட்டத்தூர், காரைப் பக்கம் செம்மண் ஓடைகளில் மழைக்குப் பின் நடந்தால் நார்நாராகப் பளபளக்கும் கல் காலில் இடறும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் கிடந்தது. அந்தக் கடலடிச் சேற்றின் களிப்பாறையில் ஓடிய ஜிப்ச நரம்புகள்தான் அவை. கேணி வெட்டியவனின் அண்ணன் ஊரான ஆலம்பாக்கமும் அந்தக் கடல் படிவுகளை ஒட்டியே இருக்கிறது; அங்குள்ள பெரிய ஏரிக்கும் மாற்பிடுகு ஏரி என்றே பெயர்.

தொட்டியில் அடுக்கிய ஜிப்சக் கட்டிகள் கரையக் கரையச் சிறுக்கும். மேலே வழுவழுப்பான படலம் பிடித்தால் தண்ணீர் அவற்றைத் தொடாமல் நழுவிப் போய்விடும். எனவே அவ்வப்போது கிளறிவிட்டு, குறைந்த அளவுக்குப் புதுக் கட்டி போட வேண்டும். அடுத்த தண்ணீர் கட்டுவதற்குள் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும்.