கேசட் இருக்கிறது, கருவி எங்கே?

குடும்ப வீடியோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற இன்னும் வழி உண்டு. ஆனால் அவகாசம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

கல்யாண ஆல்பத்தைப் பார்க்கக் கண்கள் போதும். கல்யாண கேசட்டைப் பார்க்க ஒரு கருவி வேண்டும். 1980களிலும் 90களிலும் இந்திய நடுத்தர வர்க்கம் தன் வாழ்க்கையை வீடியோ நாடாவில் பதிவு செய்யத் தொடங்கியபோது இந்த வித்தியாசம் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. இப்போது படுகிறது. பீரோவின் அடித்தட்டிலும் பரணிலும் கிடக்கும் கேசட்டுகளில் காதுகுத்து, சீமந்தம், அறுபதாம் கல்யாணம், பேரனின் முதல் பிறந்த நாள் எல்லாம் பத்திரமாகவே இருக்கக்கூடும். அவற்றைப் போட்டுப் பார்க்கத்தான் வீட்டில் எதுவும் இல்லை.

வண்ணத் தொலைக்காட்சி இந்தியாவுக்கு வந்தது டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த 1982-இல். அதை ஒட்டி வி.சி.ஆர். பரவியது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளில் அதற்குத் தனி மரியாதை. தோளில் தூக்கிய கேமராவும் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும் இல்லாத கல்யாணம் அரிதானது. பிறகு உள்ளங்கையில் அடங்கும் கேம்கார்டர் வந்ததும் வீடியோகிராபரின் வேலையை மாமாக்களும் சித்தப்பாக்களும் எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானின் ஜே.வி.சி. 1976-இல் கொண்டுவந்த வி.எச்.எஸ்., 1985-இல் வீடியோ-8, 1989-இல் ஹை-8, 1995-இல் மினிடிவி, 1999-இல் டிஜிட்டல்-8 என்று புதிது புதிதாக வந்தன. ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதைப் பரணுக்கு அனுப்பியது.

கடைசியில் எல்லாமே பரணுக்குப் போயின. பீட்டாமேக்ஸ் கேசட் விற்பனையை சோனி 2016 மார்ச்சில் நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில், வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய், உதிரிபாகங்கள் கிடைப்பது கடினமாகிவிட்டது என்று சொல்லி உற்பத்தியை முடித்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-இலேயே ஒரு கெடு விதித்திருந்தது: 2025-க்குள் டிஜிட்டலாக மாற்றப்படாத நாடாக்களில் பெரும்பாலானவற்றை இழக்க நேரிடும். 2019-இல் யுனெஸ்கோவும் உலக நாடுகளின் காப்பகங்களைத் திரட்டி இதே எச்சரிக்கையை விடுத்தது.

அந்தக் கெடு வந்து போய்விட்டது. கேசட்டுகள் ஒரே இரவில் அழிந்துவிடவில்லை. ஆனால் எச்சரிக்கையின் சாரம் மாறவில்லை. நாடா கெடுவதற்கு முன்பே அதை ஓட்டும் கருவியும் அந்தக் கருவியைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் மறைந்துவிடுவார்கள் என்பதுதான் அது.

நாடாவும் சாசுவதமானதல்ல. பாலியெஸ்டர் பட்டையின் மேல் காந்தத் துகள்களைப் பசை கொண்டு ஒட்டவைத்ததுதான் வி.எச்.எஸ். நாடா. ஈரக்காற்றில் அந்தப் பசை இளகிப் பிசுபிசுக்கலாம். மும்பை, கொச்சி, சென்னை போன்ற கடலோர நகரங்களில் பூஞ்சை இன்னொரு விரோதி. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தால் சுருளின் மேல் வெள்ளைப் பொடியோ நூலாம்படையோ தெரியும். அத்தகைய கேசட்டை அப்படியே ஓட்டக் கூடாது. நாடாவுக்குக் கேடு என்பதோடு, கருவியின் ஹெட்டில் ஒட்டும் பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கும் வரை அதைத் தனியாக ஒரு பையில் வைப்பதே நல்லது.

மாற்றும் வேலை இரண்டு வகைப்படும். கேசட் எந்தச் சாதியைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது அது. மினிடிவியும் டிஜிட்டல்-8-ம் பிறப்பிலேயே டிஜிட்டல். நாடாவில் இருப்பது கம்ப்யூட்டருக்குப் புரியும் எண்கள்தான். அவற்றை அப்படியே நகலெடுத்தால் போதும். படத்தின் தரத்தில் அணுவளவும் குறையாது. ஒரு மணி நேரப் பதிவுக்குச் சுமார் 13 ஜிகாபைட் ஆகும். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் 75 மணி நேரம் அடங்கிவிடும்.

சிக்கல் கேபிளில் இருக்கிறது. இந்தக் கேமராக்கள் கம்ப்யூட்டருடன் பேசிய வழி பயர்வயர் என்பது. சோனி அதற்கு ஐ-லிங்க் என்று பெயர் வைத்தது. இன்றைய லேப்டாப்களில் அந்தத் துளை கிடையாது. ஆப்பிள் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட மேக் இயங்குதளத்தில் அதற்கான ஆதரவையே எடுத்துவிட்டது. ஆகவே பயர்வயர் துளை உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேட வேண்டும். அல்லது மேஜைக் கம்ப்யூட்டரில் அதற்கான கார்டைப் பொருத்த வேண்டும். ஒரு முனையில் யு.எஸ்.பி.யும் மறுமுனையில் பயர்வயரும் உள்ள மலிவான கேபிளை வாங்கி ஏமாற வேண்டாம். இரண்டும் வேறு வேறு பாஷை பேசுபவை. வெறும் கம்பியால் மொழிபெயர்க்க முடியாது. கேமராவிலேயே உள்ள யு.எஸ்.பி. துளையையும் நம்புவதற்கில்லை. பெரும்பாலான மாடல்களில் அது புகைப்படங்களுக்கும் மங்கலான சிறு படத்துக்கும் மட்டுமே.

பயர்வயருக்காக அலைவதில் இன்னொரு லாபமும் உண்டு. கேமராவின் கடிகாரம் சரியாக இருந்திருந்தால், படம் பிடித்த தேதியும் நேரமும் நாடாவில் காட்சியுடன் மறைவாகப் பதிந்திருக்கும். பயர்வயர் வழியே வந்தால் அந்தத் தகவலும் சேர்ந்து வரும். மஞ்சள் கேபிள் வழியே எடுத்தால் போய்விடும். “இது பொங்கலா, தீபாவளியா” என்று இருபது வருடம் கழித்துச் சண்டை போட வேண்டியிருக்காது.

வி.எச்.எஸ்., வீடியோ-8, ஹை-8 ஆகியவை அனலாக் ரகம். இங்கே நகல் என்பது, கேசட்டை ஓடவிட்டு, வரும் படத்தையும் ஒலியையும் கம்ப்யூட்டர் புதிதாகப் பதிவு செய்வது. மூன்று மணி நேர கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும்; குறுக்குவழி கிடையாது. கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு கேப்சர் பெட்டி வேண்டும். எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் கேபிளைவிட அதுவே மேல். இந்தியாவின் பால் முறைப் பதிவுகளை விநாடிக்கு 25 பிரேம், 720-க்கு 576 புள்ளி என்ற அளவில் எடுப்பது முறை. அமெரிக்க உறவினர்கள் அனுப்பிய என்.டி.எஸ்.சி. கேசட் என்றால் அதை ஓட்டக்கூடிய மல்டி-சிஸ்டம் வி.சி.ஆர். வேண்டும்.

கருவி தேடுபவர்களுக்குச் சில தகவல்கள். கேம்கார்டரில் போட்ட சின்ன வி.எச்.எஸ்.-சி கேசட்டை அதற்கான அடாப்டரில் பொருத்தி வி.சி.ஆரில் ஓட்டலாம். வீடியோ-8, ஹை-8 கேசட்டுகளுக்கு அப்படி ஒரு அடாப்டர் உலகத்திலேயே கிடையாது. அந்த ரகக் கேமராவே வேண்டும். சில டிஜிட்டல்-8 கேமராக்கள் பழைய ஹை-8 நாடாக்களையும் ஓட்டி, பயர்வயர் வழியே டிஜிட்டலாகவே வெளியே தரும். அப்படி ஒன்று இரவல் கிடைத்தால் அதிர்ஷ்டம். சொந்தபந்தங்களிடம் விசாரித்துப் பலன் இல்லையென்றால் மும்பையின் லாமிங்டன் ரோடு, சென்னையின் ரிச்சி தெரு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளில் கேட்டுப் பார்க்கலாம். எங்கே கிடைத்தாலும், முதலில் போனால் போகட்டும் என்ற கேசட் ஒன்றைப் போட்டுச் சோதிக்க வேண்டும். நாடாவைத் தின்னும் கருவி என்பது கல்யாண கேசட்டைப் போட்ட பிறகு தெரிந்து பயனில்லை. கேசட்டின் பின்புறம் உள்ள பதிவுத் தடுப்புத் தக்கையை முன்கூட்டியே உடைத்துவிடுவதும் (சின்ன கேசட்டுகளில் நகர்த்திவிடுவதும்) புத்திசாலித்தனம். தவறாக ஒரு பட்டனை அழுத்தினால் அழிவது தாத்தாவாக இருக்கலாம்.

ஓடத் தொடங்கிய கேசட்டைக் கடைசி வரை ஓடவிட வேண்டும். படம் முடிந்து வெறும் புள்ளிகள் தெரிந்ததும் நிறுத்திவிடுவது பலரது வழக்கம். ஒரே கேசட்டில் மேலும் மேலும் பதிவு செய்த காலம் அது. பிறந்த நாள் விழா முடிந்த இடத்துக்குப் பின்னால், அழிபடாமல் மிஞ்சிய பழைய காட்சி ஒன்று ஐந்து நிமிடத்துக்கு ஒளிந்திருக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, “எங்கள் கேசட்டை எப்போதோ மாற்றியாகிவிட்டது” என்று நிம்மதிப் பெருமூச்சு விடுபவர்கள் இன்னொரு முறை யோசிப்பது நல்லது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊருக்கு ஊர் ஸ்டூடியோக்களில் கேசட்டை வி.சி.டி.யாக மாற்றிக் கொடுத்தார்கள். வி.சி.டி.யின் படம் 352-க்கு 288 புள்ளிதான். முழு அளவில் கால் பங்கு. ஒரு கல்யாணத்தைச் சில வட்டுகளுக்குள் அடைப்பதற்காக முகங்களின் நுணுக்கம் கழற்றி விடப்பட்டது. வீட்டில் பதிவு செய்யும் வட்டுகளின் சாயப்பூச்சும் நாளடைவில் கெடக்கூடியது. பளபளக்கும் வட்டு கைக்கு வந்ததும் கேசட்டைக் குப்பையில் போட்ட குடும்பங்களுக்கு எஞ்சியது அந்தக் கால் பங்கு மட்டுமே. கேசட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர்களால் இப்போது அதிலிருந்து மறுபடியும் நல்ல நகல் எடுக்க முடியும்.

ஆகவே இன்று கடையில் கொடுத்து மாற்றுபவர்கள் கேட்க வேண்டியது மூன்று. பென் டிரைவில் தரும் எம்.பி.4 பைலோடு, சுருக்கப்படாத மூலப் பைலும் கிடைக்குமா? கேசட் பத்திரமாகத் திரும்ப வருமா? ஒரு கேசட்டை மட்டும் முதலில் மாதிரிக்கு மாற்றித் தருவார்களா? திரும்பி வந்த பைலின் தொடக்கத்தை மட்டுமல்ல, முடிவையும் பார்க்க வேண்டும். நடுவில் பிரேம்கள் தவறியிருந்தால், கடைசியில் நாதஸ்வரக்காரரின் விரல் ஒரு பக்கமும் ஓசை ஒரு பக்கமும் போகும்.

ஒலி விஷயத்தில் இன்னொரு கவனம் தேவை. மிக்ஸிங் செய்த கல்யாண கேசட்டுகளில் பேச்சை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைச் சேர்ப்பது அன்றைய பாணி. அப்பா வாயசைப்பது தெரியும், கேட்பது எஸ்.பி.பி.யின் குரல். அவர் நிஜமாகப் பேசியது இருக்குமானால் அது எடிட் செய்யாத மூல கேசட்டிலோ, யாரோ ஒரு சித்தப்பா கை நடுங்க எடுத்த ஹை-8 நாடாவிலோதான் இருக்கும். படம் ஆடுகிறது என்று ஒதுக்கப்பட்ட அந்த கேசட்டுக்குத்தான் வரிசையில் முதல் இடம் தர வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டால் கதை முடிந்ததாக அர்த்தமில்லை. ஹார்ட் டிஸ்க்கும் ஒரு நாள் நிற்கும். ஒரு நகல் வீட்டில், ஒன்று வேறு டிஸ்க்கில், இன்னொன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம் அல்லது இணையச் சேமிப்பில் என்று வைப்பது விவேகம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதைப் பாதுகாப்பு என்று எண்ணக் கூடாது. அங்கே போகும் வீடியோ மேலும் சுருக்கப்படுகிறது.

எந்தக் கேபிளாலும் மாற்ற முடியாத ஒன்று மிச்சமிருக்கிறது. கேசட்டின் மேல் ‘கல்யாணம் - 2’ என்று மட்டும் எழுதியிருக்கும். பந்தியில் சிரிப்பவர் யார், ஊஞ்சலுக்குப் பக்கத்தில் பாடுகிற மாமி யார், வாசலில் நிற்கும் அந்த அம்பாசிடர் யாருடையது என்பதெல்லாம் நாடாவில் பதிவாகவில்லை. எண்பதைத் தாண்டிய சிலரின் நினைவில்தான் இருக்கிறது. மாற்றிய வீடியோவை அவர்களுக்குப் போட்டுக் காட்டி, சொல்லச் சொல்லப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்வது இந்த வேலையின் கடைசிப் பகுதி. வி.சி.ஆரையாவது தேடிப் பிடித்துவிடலாம்.