மஹல்லா வட்ஸ்அப் குழுமங்கள்: அறிவித்தலும் கலந்துரையாடலும் ஒரே இடத்தில் வேண்டாம்

"ஜனாஸா அறிவித்தல். நல்லடக்கம் இன்று அஸர் தொழுகையைத் தொடர்ந்து பெரிய பள்ளிவாசல் மையவாடியில் இடம்பெறும்."

இப்படியொரு செய்தி நம் எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் வந்திருக்கும். இதில் 'இன்று' என்பது எந்த நாள்? எழுதியவருக்கு அது செவ்வாய்க்கிழமை. பத்துக் குழுமங்களைக் கடந்து நம்மிடம் வரும்போது புதன்கிழமை ஆகியிருக்கும். 'பெரிய பள்ளிவாசல்' எந்த ஊரில்? முஸ்லிம்கள் வாழும் ஊர்கள் பலவற்றில் ஒரு பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்குவது நமது வழக்கம். கொழும்பில் வேலை செய்யும் ஒருவர் கிழக்கிலுள்ள தனது ஊருக்குப் போய்ச்சேர அரை நாளாவது வேண்டும். அந்த நேரத்தில் அவர் நான்கு பேருக்குத் தொலைபேசி எடுத்து விபரம் கேட்டுக்கொண்டிருந்தால், மாமாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் வாய்ப்பு கைநழுவிப் போகும்.

இன்று ஏறத்தாழ ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு வட்ஸ்அப் குழுமம் இருக்கிறது. பள்ளிவாசல் அறிவித்தல், இரத்தம் தேவை, காணாமற்போன பணப்பை, பிறை, வெள்ளம், பாடசாலை விடுமுறை எல்லாம் அதில்தான் வருகின்றன. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல எண்ணத்தோடு நடத்தப்படும் இந்தக் குழுமங்களைச் சிறிய சில மாற்றங்களால் எவ்வளவோ பயனுள்ளவையாக்கலாம்.

முதலில் பிரிக்க வேண்டியது

பிரச்சினையின் வேர், அறிவித்தலும் கலந்துரையாடலும் ஒரே இடத்தில் கிடப்பதுதான். ஒரு ஜனாஸா அறிவித்தல் வந்தவுடன் அதன் கீழே நூறு பேர் 'இன்னா லில்லாஹி' எழுதுகிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் ஒரு மணித்தியாலம் கழித்து நேரத்தைத் தேடுபவர் அந்த நூறையும் தள்ளிக்கொண்டு மேலே போக வேண்டியிருக்கிறது. இடையில் யாராவது ஒரு பயான் காணொளியையும், இன்னொருவர் அரசியல் பதிவையும் போட்டிருப்பார்.

இதற்கு வழி, இரண்டு குழுமங்கள் வைப்பது. ஒன்றில் அட்மின்கள் மாத்திரம் செய்தி அனுப்பும்படி அமைத்துவிடலாம். இந்த வசதி குழுமத்தின் செட்டிங்கிலேயே இருக்கிறது. மற்றதில் எல்லோரும் பேசலாம். 2022இல் வட்ஸ்அப் அறிமுகப்படுத்திய 'கம்யூனிட்டி' வசதி இந்த இரண்டையும் ஒரே குடையின் கீழ் வைக்க உதவுகிறது. அதன் அறிவித்தல் பகுதியில் சாதாரண உறுப்பினர்களின் தொலைபேசி இலக்கங்கள் ஏனைய உறுப்பினர்களுக்குத் தெரியாது. தமது இலக்கம் அந்நியர்களிடம் போய்விடும் என்று தயங்கி ஒதுங்கி நிற்கும் சகோதரிகளுக்கு இது பெரிய ஆறுதல். இப்போது பல வீடுகளில் பள்ளிவாசல் அறிவித்தல் கணவரோ மகனோ சொன்னால்தான் பெண்களுக்குத் தெரியவருகிறது. பெண் அட்மின் ஒருவரையும் நியமித்தால் இந்தக் குறை இன்னும் நீங்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பள்ளிவாசலின் வரவு செலவு பற்றி யாரோ கேள்வி கேட்டார் என்பதற்காகக் குழுமத்தைப் பூட்டுவது வேறு விடயம். அறிவித்தல் குழுமத்தைத் தனியாக வைப்பது கலந்துரையாடலுக்கு இடம் கொடுக்கத்தானே தவிர, அதை அடக்குவதற்கல்ல. பேசும் குழுமம் திறந்தே இருக்க வேண்டும்.

ஓர் அறிவித்தலில் இருக்க வேண்டியவை

ஹதீஸ் கலையில் ஸனதுக்கு இருக்கும் இடம் நமக்குத் தெரியும். யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார் என்று தெரியாத செய்தியை நம் முன்னோர்கள் அப்படியே ஏற்கவில்லை. ஸூரதுல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனமும், வரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் செயற்பட வேண்டாம் என்றே நமக்குக் கற்றுத் தருகிறது. மஹல்லா செய்தியை ஹதீஸோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் அந்தப் பழக்கத்தின் சிறு பகுதியாவது நமது அறிவித்தல்களில் இருக்கலாம்.

ஒவ்வோர் அறிவித்தலிலும் ஐந்து விடயங்கள் வேண்டும்: என்ன விடயம், எந்த ஊரில் எந்த இடத்தில், எந்தத் திகதி எத்தனை மணிக்கு, அறிவிப்பது யார், தொடர்புகொள்ள ஓர் இலக்கம். 'இன்று', 'நாளை' என்ற சொற்களைத் தனியாக எழுதாமல் கிழமையையும் திகதியையும் சேர்த்து எழுதுங்கள். ஜனாஸா அறிவித்தலில் 'இன்னாரின் தாயார், இன்னாரின் மாமியார்' என்ற உறவு விபரம் அவசியம்தான். அதை வைத்துத்தான் பலர் ஆளை அடையாளம் காண்கிறார்கள். நேரத்தையும் இடத்தையும் முதல் இரண்டு வரிகளில் போட்டுவிட்டு உறவு விபரத்தைக் கீழே எழுதலாம்.

எது வரைக்கும் என்பதும் முக்கியம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையில், விடுக்கப்பட்ட திகதியும் நேரமும் செல்லுபடியாகும் காலமும் குறிப்பிடப்பட்டிருக்கும். நாம் செய்வது என்ன? அதைப் படம் பிடித்து, மேல்பகுதியை வெட்டிவிட்டு, ஊர்ப் பெயர்கள் உள்ள பகுதியை மாத்திரம் அனுப்புகிறோம். கடந்த வருடத்து எச்சரிக்கை இந்த வருடம் சுற்றிவருவது இதனால்தான். மக்கள் வீணாகப் பயப்படுவது ஒரு புறம். இரண்டு தடவை ஏமாந்தவர் மூன்றாவது தடவை உண்மையான எச்சரிக்கை வரும்போதும் வீட்டைவிட்டு எழும்பமாட்டார் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

இரத்தம் கேட்கும் செய்தியும் அப்படித்தான். தேவை நிறைவேறியவுடன் முதல் செய்தியை அழித்துவிட வேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடங்கள்தான் அவகாசம். அதற்குப் பிறகு, பிழையான செய்தியை அப்படியே விட்டுவிட்டு அதன் கீழே 'திருத்தம்' என்று எழுதுவதில் பயன் குறைவு. மற்றவர்கள் முதல் செய்தியைத்தான் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதே நல்லது.

படம் வேண்டாம், எழுத்துப் போதும்

நமது அறிவித்தல்களில் அதிகமானவை படமாகவே வருகின்றன. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நமது அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நீண்ட காலமாகப் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அதைப் பிரதியெடுத்துத் தொலைபேசியில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாக மாறிவிடும். ஆகவே படமாக்கி அனுப்புகிறார்கள்.

படத்தில் உள்ளதைக் குழுமத்தின் தேடல் வசதியால் தேடி எடுக்க முடியாது. பெரிய எழுத்து வைத்து வாசிக்கும் வயோதிபர்களுக்குப் படத்தின் எழுத்து பெரிதாகாது. பார்வையற்ற சகோதரர்கள் பலர், திரையிலுள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் வசதியைக் கொண்டே தொலைபேசியைப் பயன்படுத்துகிறார்கள். எழுத்தாக அனுப்பினால் அவர்கள் யாருடைய உதவியுமின்றிக் கேட்டுக்கொள்வார்கள். படமாக வந்தால் பக்கத்திலிருப்பவரிடம் கேட்க வேண்டிவரும். பாமினியில் உள்ளதை யுனிகோடுக்கு மாற்றும் இலவச வசதிகள் இணையத்தில் உள்ளன. தொலைபேசியிலேயே தமிழில் பேசி எழுத்தாக்கவும் முடியும். படம்தான் அனுப்ப வேண்டுமென்றால் முக்கிய விபரத்தை அதன் கீழே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். ஐந்து நிமிடக் குரல் பதிவுக்கும் இதே விதிதான்.

கலந்துரையாடலுக்குச் சில ஒழுங்குகள்

பேசும் குழுமத்தில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, அவருடைய செய்தியை அழுத்தி 'ரிப்ளை' கொடுத்து எழுதினால் எதற்கு எது பதில் என்பது எல்லோருக்கும் விளங்கும். பாதிச் சண்டைகள் இந்த ஒன்றிலேயே குறையும். பல கருத்துகள் உள்ள விடயத்துக்கு வாக்கெடுப்பு வசதியைப் பயன்படுத்தலாம். முடிவு எட்டப்பட்டதும் 'முடிவு' என்று தலைப்பிட்டு ஒரு செய்தி எழுதி, அதை மேலே பின் செய்து வைக்கலாம். 24 மணித்தியாலம், 7 நாள், 30 நாள் என்று காலத்தைத் தெரிவுசெய்ய முடியும். உதவி கேட்டு வருபவரின் அடையாள அட்டைப் படத்தையும் வைத்திய அறிக்கையையும் குழுமத்தில் போடாமல் அட்மின் தன்னிடம் வைத்துக்கொண்டு, தான் பார்த்து உறுதிசெய்ததாக எழுதுவது போதும். ஏழையின் மானமும் அமானிதம்தான்.

இறுதியாக, 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும் 2019 ஏப்ரலில் ஈஸ்டர் தாக்குதலின் பின்னரும் அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடைசெய்தது நினைவிருக்கும். செய்தி மிக அவசியமாக இருந்த நாட்களில்தான் அது நின்றுபோனது. ஆகவே பள்ளிவாசல் அறிவித்தல் பலகையையும், ஒவ்வொரு வீட்டின் தொலைபேசி இலக்கமும் எழுதிய கொப்பியையும் கைவிட்டுவிடக் கூடாது.

இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை. அடுத்த நிருவாக சபைக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். அதுவரை, நாளை நீங்கள் பகிரும் முதல் அறிவித்தலில் ஊரின் பெயரும் திகதியும் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பாருங்கள். இன்ஷா அல்லாஹ், யாரோ ஒருவர் ஒரு ஜனாஸாவுக்கு நேரத்துடன் போய்ச்சேர அது காரணமாகலாம்.